மாங்காய் போகும் தலைநகரம்

நெல்லியாம்பதி மலையின் நிழல் விழும் பாலக்காட்டு முதலமடையில் ஜனவரி பிறந்ததும் தொரட்டிகள் வேலைக்கு வந்துவிடும். சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் மாமரங்கள் பூத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. இங்கே சிந்தூரம் இறங்கத் தொடங்கியிருக்கும். பின்னாலேயே பங்கனப்பள்ளி, கிளிமூக்கு, காலாப்பாடி, அல்போன்சா. பால் வடியப் பறித்த காய்களைத் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, பச்சைக் காயாகவே லாரியில் ஏற்றுவார்கள். பழுப்பதெல்லாம் வழியிலும் வடக்கிலும்தான். இந்தூர், அகமதாபாத், மும்பை என்று பல திசைக்கும் சரக்கு போனாலும், தோட்டத்தில் விலை பேசும்போது எல்லார் வாயிலும் முதலில் வருவது டில்லி. அங்கே அன்றைக்கு என்ன ரேட் என்று போனில் கேட்ட பிறகுதான் இங்கே பேச்சு நகரும். பூப்பதற்கு முன்பே தோட்டத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவர், மருந்தடிக்கக் கடன் வாங்கியவர், இலைப்பேன் பூவைக் கருக்கிவிட்ட ஆண்டில் நட்டத்தை எப்படிக் கட்டுவதென்று தெரியாமல் நிற்பவர், எல்லாருடைய கணக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஏலத்தில் தீர்கிறது.

அப்படி எங்கள் ஊர்க் காய்க்கு விலை சொல்லும் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. செங்கோட்டையும் குதுப்மினாரும் படத்தில் பார்த்தவைதான். ஒரு தலைநகரம் எதைத் தின்று, யாரைக் கொண்டு, எப்படி நிற்கிறது என்பதை நேரில் அறியத்தான் கிளம்பினேன்.

முதலமடைக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எங்கள் பஞ்சாயத்துக்குள்ளேயே ஒரு தலைநகரும் ஒரு தொலைதேசமும் உண்டு. பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் காட்டுக் குடியிருப்புகள் முதலமடை பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால், டாப்சிலிப், சேத்துமடை, ஆனைமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, கோவிந்தாபுரம் எல்லையில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஒரு சான்றிதழ் வாங்க ஒருவர் இரண்டு மாநிலம் கடக்கிறார். அங்கேயுள்ள தேக்கடியின் ஆதிவாசி மக்கள் (இடுக்கித் தேக்கடி வேறு, இது வேறு) செம்மணாம்பதியிலிருந்து நேர்வழி கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்து அலுத்து, 2020இல் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தாங்களே பாதை வெட்டத் தொடங்கினார்கள். அதே காட்டிலுள்ள பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் நிற்க, நீரைத் தமிழ்நாடு நிர்வகிக்கிறது; 1970இல் கையெழுத்தாகி 1958 நவம்பரிலிருந்து செல்லும் என்று வைத்துக்கொண்ட ஒப்பந்தம். நீர் போவதற்குச் சுரங்கம் குடைய முடிந்த இடத்தில், மனிதர் வருவதற்கு ஒரு பாதை கிடைக்க அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

கோயம்புத்தூர், சேலம், விஜயவாடா, நாக்பூர், போபால், ஆக்ரா. ரயில் வடக்கே போகப் போக மாமரங்களின் கோலம் மாறியது. எங்கள் ஊரில் காய் பறித்து முடிக்கும் தறுவாயில் இருந்த மரம் மத்தியப் பிரதேசத்தில் பூவோடு நின்றது. தஸேரியும் லங்டாவும் சௌசாவும் டில்லிக்கு வர ஜூன், ஜூலை ஆகும். அதுவரை அந்த நகரம் தெற்கை நம்பியிருக்கிறது.

ஆஜாத்பூர் மண்டிக்கு விடியுமுன்பே போய்விட வேண்டும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். வடக்கு டில்லியில் 1977இல் அமைந்த இந்த மொத்தச் சந்தை ஆசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. காஷ்மீர் ஆப்பிள், நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சு, இமாசலத்துப் பட்டாணி என்று இந்திய வரைபடமே சாக்கிலும் பெட்டியிலுமாக வந்து இறங்குகிறது. பனியும் டீசல் புகையும் கலந்த இருட்டில் தலையில் கம்பளி சுற்றிய சுமைத் தொழிலாளர்கள் முதுகில் மூன்று நான்கு பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரும்பாலோர் பீகார்க்காரர்கள், கிழக்கு உத்தரப் பிரதேசத்தார். எங்கள் ஊர்ப் பெயர் அச்சடித்த பெட்டி ஒன்றைக் கண்டதும் அந்த நெரிசலில் நின்றுவிட்டேன். சீசன் முழுக்க அங்கேயே தங்கிக் கணக்குப் பார்க்கும் கொல்லங்கோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் அருகில் வந்தார்.

"நம்மூருங்களா அண்ணா?"

"முதலமடை. நீங்க?"

"பக்கந்தாங்க. ராத்திரி வண்டி உள்ள வந்தா விடியறதுக்குள்ள தள்ளிரணும். பகலாச்சுன்னா ரேட் எறங்கீரும். நேத்து சிந்தூரத்துக்கு நல்ல வெல. இன்னிக்கு வண்டி கூட வந்துருச்சு."

ஏலம் என்று நான் நினைத்திருந்தது கூவலும் மணியும். அவர் காட்டியதோ வேறு. பெட்டியைத் திறந்து கமிஷன்காரர் ஒரு காயை எடுத்து முகர்ந்தார், காம்பருகே விரலால் அமுக்கினார், பக்கத்தில் நின்றவரிடம் ஒரு எண் சொன்னார், அவர் வேறொரு எண் சொன்னார், முடிந்தது. பாட்டத்துக்கு எடுத்தவரின் ஓராண்டு அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்தது. வாங்குகிறவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. டில்லியின் குணம் எனக்கு முதலில் பிடிபட்ட இடம் அதுதான்: எல்லாம் வந்து சேரும் ஊர், வந்த வழியை விசாரிக்காத ஊர்.

ஆஜாத்பூரிலிருந்து தெற்கே போகும் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினால், அந்த ஒற்றைக் கோட்டிலேயே டில்லியின் ஆயிரம் ஆண்டுகளைத் தொட்டுவிடலாம். இந்த மெட்ரோவை நிலைநாட்டியவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதை உள்ளே உட்கார்ந்தபோது பெருமையாகவே நினைத்துக்கொண்டேன். 1932இல் பாலக்காடு மாவட்டத்தில் பிறந்து விக்டோரியா கல்லூரியில் படித்த இ. ஸ்ரீதரன், 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தவராகத் தமிழ்நாட்டுக்கு முன்பே அறிமுகமானவர். அவர் தலைமையில் டில்லியின் முதல் மெட்ரோ 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கெடு தவறாமல் வேலை முடிப்பது அரசாங்கத்தாலும் முடியும் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டிய காரியம் அது. ரயில் பெட்டிக்குள் அதிகாரியும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஒரே கம்பியைப் பிடித்து நிற்கிறார்கள். இத்தனை சமமாக டில்லியில் வேறெங்கும் நான் மனிதர்களைப் பார்க்கவில்லை.

ஜி.டி.பி. நகரிலிருந்து சற்று வடக்கே கோரனேஷன் பார்க். 1911 டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் தர்பாரில் உட்கார்ந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்த இடம். அரசரும் அரசியும் அங்கே அடிக்கல்லும் நாட்டினார்கள். பிறகு அந்தப் பகுதி சரிப்படாது என்று தெரிந்து, அடிக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தெற்கே ரைசினாக் குன்றுக்குப் போயின. இந்தியா கேட் அருகே மண்டபத்தில் நின்ற ஜார்ஜின் சிலை மட்டும் 1960களில் இந்தப் பூங்காவுக்குத் திரும்பி வந்தது.

இரண்டு மூன்று நிலையம் தள்ளி சிவில் லைன்ஸ். அங்கே 26, அலிப்பூர் சாலை. மத்திய அமைச்சரவையிலிருந்து 1951இல் விலகிய பின் அம்பேத்கர் வாழ்ந்த வீடு இருந்த இடம். 1956 டிசம்பர் 6 அன்று அவர் இறந்ததும் அங்கேதான். 2018இல் விரித்து வைத்த புத்தகத்தின் வடிவில் நினைவகம் எழுப்பியிருக்கிறார்கள். அரசமைப்பைத் திறந்த நூலாக வடித்திருக்கும் அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது எனக்கு கோவிந்தாபுரத்து அம்பேத்கர் காலனி நினைவுக்கு வந்தது. முதலமடை பஞ்சாயத்தில் தமிழ் எல்லையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் வாழும் அருந்ததியர் மக்கள், தேநீர்க் கடையில் தனி டம்ளரும் குடிநீர்க் குழாயில் தனி வரிசையும் தங்களுக்கு இருப்பதாக 2017இல் சொன்னபோது கேரளமே திடுக்கிட்டது. முன்னேறிய மாநிலம் என்று பெயர் வாங்கிய மண்ணில் இது நடக்குமா என்று திருவனந்தபுரத்தில் கேட்டார்கள். எல்லையில் இருப்பவர்களுக்கு அந்தத் திடுக்கிடல் இல்லை. அவர்கள் அதோடுதான் வாழ்ந்திருந்தார்கள். காலனிக்கு அம்பேத்கரின் பெயரை வைப்பது எளிது. அரசமைப்பில் அவர் எழுதியது கோவிந்தாபுரத்து டீக்கடை வரை வந்து சேர, மாங்காய் லாரியைவிடப் பல்லாயிரம் மடங்கு நாள் ஆகிறது.

சாந்தினி சௌக் நிலையத்தில் தரைக்கடியிலிருந்து ஏறி வெளியே வந்தால் ஷாஜகானாபாத். ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிய ஷாஜகான் 1639இல் கோட்டை வேலை தொடங்கி 1648இல் குடியேறினார். சாந்தினி சௌக் அவர் மகள் ஜஹானாரா திட்டமிட்டது. நடுவில் வாய்க்கால் ஓட, இருபுறமும் கடைகள். அந்த வாய்க்கால் இன்றில்லை, கடைகள் இருக்கின்றன. 1739இல் நாதிர் ஷா கொள்ளையடித்தான், 1857க்குப் பின் ஆங்கிலேயர் ஊரையே காலி செய்து, கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடையிலிருந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள், கடைசி முகலாயர் பகதூர் ஷா ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு 1862இல் அங்கேயே இறந்தார். ஆக்ராவில் பிறந்து பல்லிமாரான் சந்துக்கு வந்து சேர்ந்த கவிஞர் மிர்ஸா காலிப் இந்த அழிவையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக் கடிதங்களில் அழுதவர். மாம்பழப் பிரியர், நண்பர்கள் அனுப்பும் கூடைக்காகக் காத்திருந்தவர். சுற்றமும் பட்டணமும் சிதறிய பிறகும் 1869இல் சாகும் வரை டில்லியை விட்டுப் போகவில்லை.

காரீ பாவ்லிக்குள் நுழைந்தால் மிளகாய்க் காரத்தில் தும்மாமல் நடக்க முடியாது. இங்கே விற்கும் ஏலக்காயில் ஒரு பகுதி இடுக்கி மலையில் விளைந்தது, மிளகும் நம் மலைகளிலிருந்து வருவது. மூட்டை தூக்குகிறவர்களின் முதுகுகள் ஆஜாத்பூரில் பார்த்த முதுகுகளைப் போலவே வளைந்திருந்தன. அரசர் மாறியும் கொடி மாறியும் இந்தத் தெருவில் மூட்டை ஏற்றி இறக்குவது நிற்கவில்லை. டில்லியின் உண்மையான தொடர்ச்சி எது என்று கேட்டால், நான் கோட்டையைக் காட்ட மாட்டேன், இந்தத் தெருவைக் காட்டுவேன்.

மத்தியச் செயலகம் நிலையத்தில் இறங்கினால் மற்றொரு நாடு. அகலச் சாலை, வரிசை மரம், ஆளில்லா நடைபாதை. லட்யன்ஸும் பேக்கரும் வரைந்த புது டில்லி, 1931 பிப்ரவரியில் திறப்பு விழாக் கண்டது. ராஜஸ்தானத்துத் தோல்பூர் மணற்கல்லில், ராஜஸ்தானத்துக் கூலிகள் உழைப்பில், ரைசினா, மால்சா போன்ற கிராமத்தாரிடம் எடுத்த நிலத்தில் எழுந்த நகரம். கட்டியவர்கள் அதை ஆண்டது பதினாறே ஆண்டு.

இந்தக் கட்டடங்களுக்குள் வேலை பார்க்கத் தெற்கிலிருந்து வந்தவர்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்கத்தாவிலிருந்து மாறி வந்த வங்காள எழுத்தர்களோடு மதராஸ் மாகாணத்தாரும் வந்தார்கள். கல்பாத்தி, கொடுவாயூர், நூரணி போன்ற பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து, ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற பையன்கள் ஒருவன் பின் ஒருவனாக ரயிலேறினார்கள். நிலம் குறைவு, உள்ளூரில் வேலை குறைவு. முன்னே போனவரின் அறையில் பின்னே வந்தவருக்கு ஒரு பாய். முதலில் கோல் மார்க்கெட் பக்கம், பிறகு கரோல் பாக். 1923இல் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் பிள்ளைகளுக்காகப் பள்ளி அமைப்பு தொடங்கினார்கள். அதுதான் இன்று ஏழு பள்ளிகள் நடத்தும் டில்லி தமிழ்க் கல்விக் கழகம். 1946இல் தமிழ்ச் சங்கம். 1973இல் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாதனுக்குக் கற்கோயில். 1965இல் கி. கஸ்தூரிரங்கன் கணையாழி இதழைத் தொடங்கியதும் டில்லியில்தான். இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் அந்த அரசாங்கக் குடியிருப்புகளின் மனப்புழுக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். நவீனத் தமிழ் உரைநடையின் கணிசமான பகுதி அந்த மஞ்சள் பூசிய குவார்ட்டர்ஸ்களில் எழுதப்பட்டது.

பாலக்காட்டார் என்றால் வி.பி. மேனனைச் சொல்லாமல் விட முடியாது. 1893இல் ஒற்றப்பாலம் பக்கம் பிறந்தவர். பள்ளிப் படிப்பை விட்டு, கோலார் சுரங்கத்திலும் வேலை பார்த்து, 1914இல் உள்துறையில் சாதாரண எழுத்தராகச் சேர்ந்தார். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1947 மே மாதம் சிம்லாவில், மவுண்ட்பேட்டனின் முதல் திட்டத்தை நேரு நிராகரித்த பின், அதிகார மாற்றத்துக்கான புதிய வரைவைச் சில மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தது இந்த மனிதர்தான். பிறகு படேலின் வலது கையாக ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்க்க ஊர் ஊராக அலைந்தார். இந்தியாவின் இன்றைய வரைபடத்தில் அவர் கை உண்டு. டில்லியில் அவரை நினைவூட்டும் பெரிய சின்னம் எதுவும் என் கண்ணில் படவில்லை. மன்னர்களும் வைஸ்ராய்களும் தெருக்களுக்குப் பெயர் கொடுத்த ஊரில் இந்த எழுத்தருக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொருவர் ஓ.வி. விஜயன். 1958இல் சங்கர்ஸ் வீக்லிக்குக் கேலிச்சித்திரம் வரைய வந்தவர். முதலமடையிலிருந்து அதிகத் தூரமில்லாத தஸ்ராக் என்ற சிற்றூரில் தொடங்கிய 'கசாக்கின் இதிகாசம்' நாவலை டில்லி வாழ்க்கைக்கு நடுவே எழுதி முடித்து 1969இல் நூலாக்கினார். யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது. பகலெல்லாம் அமைச்சர்களை வரைந்த கை, இரவில் பாலக்காட்டுக் கரிம்பனைகளை எழுதியிருக்கிறது. தலைநகரில் வாழ்ந்தவர்கள் பலர் தலைநகரில் வாழவில்லை என்று நான் நினைப்பது இவரைக் கொண்டுதான்.

1947 டில்லியின் முகத்தையே மாற்றிவிட்டது. 1941 கணக்கெடுப்பில் சுமார் 9 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த லட்சக்கணக்கான அகதிகள் கூடாரத்திலும் கல்லறைத் தோட்டங்களிலும் தங்கினார்கள். லட்சக்கணக்கான முஸ்லிம்கள் போனார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள். ஹுமாயூன் கல்லறையும் புராணா கிலாவும் அகதி முகாம்களாயின. லஜ்பத் நகர், ராஜிந்தர் நகர் எல்லாம் அந்தக் காயத்தின் மேல் கட்டியவை. இன்றைய டில்லியின் உரத்த குரலும், வியாபார வேகமும், எதையும் இழந்துவிடக்கூடும் என்ற பதற்றமும் அந்த ஆண்டுகளில் வந்தவை என்று படுகிறது.

மஞ்சள் தடம் மேலும் தெற்கே போனால் ஹவுஸ் காஸ், பிறகு குதுப்மினார் நிலையம். மெஹ்ரோலியில் தோமர்களின் லால்கோட் மேல், 1192இல் தராயினில் பிருத்விராஜ் தோற்ற பின், குத்புதீன் ஐபக் தொடங்கி இல்துத்மிஷ் வளர்த்த கோபுரம், உயரம் 72.5 மீட்டர். அதன் அடியில் நிற்கும் இரும்புத் தூணின் முன்தான் அதிக நேரம் நின்றேன். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்துக் கொல்லர் வேலை, ஆயிரத்து அறுநூறு ஆண்டாகத் துருப்பிடித்து உதிராதது. அது டில்லியில் செய்ததல்ல. எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து நட்டது.

அதைப் பார்த்த பிறகு பெரோஸ் ஷா கோட்லாவுக்கும் போனேன். அங்கே பிரமிடுபோல் அடுக்கிய கட்டடத்தின் உச்சியில் நிற்கும் அசோகர் தூணும் வெளியூர்ச் சரக்குதான். இன்றைய ஹரியானாவின் தோப்ரா கிராமத்திலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்தது. அதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று சிறுவனாக அருகிருந்து பார்த்த ஷம்ஸ் சிராஜ் அஃபீப் எழுதி வைத்திருக்கிறார். தூணின் அடியில் இலவம்பஞ்சைக் குவித்து, மண்ணைத் தோண்டி மெல்லச் சாய்த்து, பஞ்சை உருவி உருவித் தரையில் படுக்க வைத்தார்கள். நாணலும் தோலும் சுற்றினார்கள். நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கு ஒரு வடமாகக் கட்டி, ஆயிரக்கணக்கானோர் இழுத்து யமுனைக்குக் கொண்டுவந்து, படகுகளில் மிதக்கவிட்டார்கள். தூணில் பொறித்திருந்த எழுத்தை அப்போது யாராலும் வாசிக்க முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் வாசித்த பிறகுதான், உயிர்களிடம் கருணை காட்டச் சொன்ன ஓர் அரசனின் சொல் அது என்று தெரிந்தது. அரசன் பெயரும் சுல்தான் பெயரும் வாசித்தவர் பெயரும் கிடைத்துவிட்டன. வடம் இழுத்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

டில்லி தெற்கே நீட்டிய கையையும் நாம் அறிவோம். 1303 அளவில் சீரி கோட்டையை எழுப்பிய அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரை வரை வந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட யானைகளோடும் பொன்னோடும் திரும்பினார். முகமது பின் துக்ளக் 1327இல் தலைநகரைத் தக்காணத்துத் தௌலதாபாத்துக்கு மாற்றினார். பின்னர் மீண்டும் டில்லிக்கே வர வேண்டியதாயிற்று. அவருடைய பிடி தளர்ந்ததும் மதுரையில் ஜலாலுதீன் அசன் தனி சுல்தானாகிவிட்டார். அந்த அசனின் மகளை மணந்திருந்தவர், டில்லியில் காஜியாக இருந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா. பிறகு கோழிக்கோடும் மதுரையும் பார்த்தவர். மாங்காயை உப்பிட்டு ஊறுகாய் போடும் வழக்கத்தை வியந்து குறித்தவரும் அவரே. எல்லாவற்றையும் தன்பால் இழுக்கும் ஊர், கை தளர்ந்த கணத்தில் எல்லாவற்றையும் இழந்துமிருக்கிறது.

கியாசுதீன் துக்ளக்கின் துக்ளகாபாத் இன்று குரங்கும் முட்புதரும். சுல்தான் தன் கோட்டைக்காக ஊரின் வேலையாட்களையெல்லாம் பிடித்துக்கொண்டார் என்றும், சூஃபி ஞானி நிசாமுதீன் அவுலியா தன் படிக்கிணற்றை அவர்களைக் கொண்டு இரவில் விளக்கேற்றிக் கட்டினார் என்றும், விளக்கெண்ணெய்க்கும் சுல்தான் தடை போட்டார் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். இருவரும் 1325இல் இறந்தார்கள். கோட்டை சில ஆண்டிலேயே வெறிச்சோடியது. நிசாமுதீனின் படிக்கிணற்றில் இன்றும் நீர் நிற்கிறது. தர்காவில் அமீர் குஸ்ரோவின் கல்லறைக்குப் பக்கத்தில் வியாழன் மாலை கவ்வாலி கேட்கக் கூட்டம் நெரிகிறது. வேலையாள் யாருக்கு என்ற சண்டையில் பிறந்த கதை டில்லியில்தான் தோன்றியிருக்க முடியும்.

தர்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் பாரபுல்லா. பதினேழாம் நூற்றாண்டின் முகலாயப் பாலம், அதன் கீழே சாக்கடையாகிவிட்ட பழைய ஓடை. அதன் கரையில் மதராசி கேம்ப் என்ற குடியிருப்பு இருந்தது. விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கு முன் வந்து, ஜங்புராவிலும் நிசாமுதீனிலும் வீட்டு வேலை, சமையல், இஸ்திரி, வண்டி ஓட்டுதல் என்று பிழைத்தவர்களின் ஊர். கரோல் பாக்கில் கச்சேரி வைத்த தமிழர்களின் கதையில் இவர்கள் வருவதில்லை. ஓடையை ஆக்கிரமித்ததாக நீதிமன்ற ஆணை வந்து, 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்கள் சுமார் 370 வீடுகளையும் இடித்தன. நகரத்தின் வட கோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில் மாற்று வீடு என்றார்கள். அதுவும் எல்லாக் குடும்பத்துக்கும் கிடைக்கவில்லை. வெள்ளம் வராமல் ஓடை தூர்வாரப்பட வேண்டியதுதான். ஐம்பது ஆண்டு அங்கே வாழ விட்டு, ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் கொடுத்துவிட்டு, மழை வரப்போகும் ஜூன் மாதத்தில் பிழைப்பிலிருந்து அவர்களைப் பிடுங்கி எறிந்ததை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இடிபாடு அள்ளப்பட்ட இடத்துக்கு அருகே, பஸ்ஸுக்கு நின்ற வயதான பெண்ணின் பேச்சில் தமிழ் கேட்டு நின்றேன்.

"எந்த ஊரு தம்பி?"

"பாலக்காட்டுப் பக்கம்மா. நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதான் புள்ள பெத்தேன், இங்கதான் பேரனையும் பாத்தேன். இப்ப நரேலா. வீடு அங்க, வேல இங்க. காலைல அஞ்சு மணிக்குக் கெளம்புனா எட்டு மணிக்கு இந்த வூட்டுக்காரம்மா கிட்ட நிக்கலாம். வேலைய விட்டுட்டா அங்க யாரு குடுப்பா?"

அவர் பேரப்பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலாவில் இல்லை. பத்தாம் வகுப்புப் பேரனைத் தினமும் தன்னோடு அழைத்து வருவதாகவும், சின்னவளுக்கு அந்தத் தூரம் தாங்காது என்று அங்கேயே இந்திப் பள்ளியில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார்.